சீசர் கதை மட்டும் போதாது: ரோம ஆயுத வரலாற்றில் வேலை தேடுபவர்களுக்கு

ரோமப் பேரரசர்களின் பெயர்களை அகஸ்டஸில் தொடங்கி மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்கள் உண்டு. ‘கிளாடியேட்டர்’ படம் பார்த்துப் பிறந்த ஆசை ‘டோட்டல் வார்’ விளையாட்டில் முற்றி, கல்லூரி முடியும் நேரத்தில் ஒரு கேள்வியாக வந்து நிற்கும்: இதையே தொழிலாக்கிக்கொள்ள வழியிருக்கிறதா?

இருக்கிறது. குறுகலான வழிதான், ஆனால் திறந்திருக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பேரரசர்களின் கதை தெரியும் என்பதற்காக இந்தத் துறையில் யாரும் சம்பளம் தருவதில்லை. துருவேறிய ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்தால், இது எதன் பகுதி, எப்படிச் செய்தார்கள், யார் செலவில் செய்தார்கள், எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தருகிறார்கள். கீழே உள்ள யோசனைகள் எல்லாம் அந்தத் திறமையை வளர்த்துக்கொள்ளத்தான்.

பேரரசரை விட்டுப் பொருளுக்கு வாருங்கள்

அகஸ்டஸையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் வென்று முதல் பேரரசரானார் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆயுத வரலாறு படிப்பவர் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: நிரந்தரப் படை வைத்தாரே, பணம் எங்கிருந்து வந்தது? ஓய்வுபெறும் வீரர்களுக்காக கி.பி. 6இல் தனிக் கருவூலம் திறந்தார். சொந்தப் பணத்திலிருந்து 17 கோடி செஸ்டர்ஸ் போட்டார். வாரிசுச் சொத்துக்கு 5 சதவீதம், ஏல விற்பனைக்கு 1 சதவீதம் என்று வரியும் போட்டார்.

படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ். ஒரு டெனாரியஸுக்கு 16 ஆஸ் காசு என்றால், நாளைக்கு ஏறத்தாழ பத்து ஆஸ். அதே தொகையைத்தான் கி.பி. 14இல் பன்னோனியா மாகாணத்தில் கலகம் செய்த வீரர்களும் சொன்னதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். “இந்தப் பத்து ஆஸிலும் உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் நாங்களே கொடுக்க வேண்டியிருக்கிறது” என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று.

இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு ரோமத் தலைக்கவசத்துக்கு வாருங்கள். அதன் கழுத்துக் காப்புத் தகட்டில் நான்கு வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து வாங்கிய பொருள் என்பதால் ஆளுக்கு ஆள் பெயர் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் விட்டதை அடுத்தவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். பேரரசரின் நிதிக் கொள்கையும் தகட்டில் உள்ள கீறலும் ஒன்றையொன்று விளக்கும் இடம் இது. இந்த இணைப்பைப் பார்க்கப் பழகியவர்தான் வேலைக்குத் தயாரானவர்.

கைவசம் இருக்க வேண்டிய ஐந்து கட்டங்கள்

எல்லாப் பேரரசர்களும் வேண்டாம். இந்த ஐந்தும் பிடிபட்டால் நேர்முகத்தில் தடுமாற மாட்டீர்கள்.

1. அகஸ்டஸ், டைபீரியஸ் காலம். குத்துவதற்கு ஏற்ற குறுவாளான கிளாடியஸ், எறி ஈட்டியான பைலம், வளைந்த பெரிய கேடயம் ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்கிய காலம். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1848இல் கிடைத்த, ‘டைபீரியஸின் வாள்’ என்றே பெயர்பெற்ற வாளின் உறையில் பேரரசரின் உருவமே இருக்கிறது. ஆயுதத்தை அரசியல் விளம்பரமாகவும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

2. டிராஜன் காலம். டேசியர்களின் வளைந்த நீண்ட வெட்டுக்கத்தியைச் சமாளிக்க, தலைக்கவசத்தின் மேல் குறுக்குப் பட்டைகளும் கைக்கு இரும்புக் காப்பும் வந்தன. எதிரியின் ஆயுதம் நம் கவசத்தை மாற்றுகிறது என்ற விதியை இங்கே கற்றுக்கொள்ளலாம்.

3. ஹேட்ரியன் காலம். கி.பி. 122இல் பிரிட்டனில் எல்லைச் சுவர் வேலை தொடங்குகிறது. 128இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள லாம்பேசிஸில் படைப் பயிற்சியை நேரில் பார்த்து ஹேட்ரியன் ஆற்றிய உரை கல்லில் வெட்டப்பட்டுக் கிடைத்திருக்கிறது. பாராட்டுகிறார், பிடிக்காத ஒரு குதிரைப் பயிற்சியையும் மறைக்காமல் சொல்கிறார். துணைப்படைக் குதிரைவீரர்களின் குதிரையும் ஆயுதமும் அவர்களுடைய சம்பளத்துக்குத் தக்கபடி இருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்.

4. மூன்றாம் நூற்றாண்டு. குறுவாள் போய் நீள்வாளான ஸ்பாத்தா வருகிறது. கி.பி. 256 வாக்கில் பாரசீகர் முற்றுகையில் விழுந்த சிரியாவின் டூரா-யூரோபோஸ் இந்தக் கட்டத்துக்குப் பெரிய களஞ்சியம். முழுதாகக் கிடைத்த ஒரே வளைந்த ரோமக் கேடயம் இங்கே கிடைத்ததுதான். மெல்லிய மரப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. இன்றைய பிளைவுட்டின் அதே முறை. இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

5. டயக்ளிஷியனும் அவருக்குப் பிறகும். ஆயுத உற்பத்தி அரசுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கி.பி. 400ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ‘நோட்டிஷியா டிக்னிடாட்டம்’ என்ற அரசுப் பதவிப் பட்டியலில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் வருகின்றன. அம்புக்குக் கொங்கோர்டியா, கேடயத்துக்குக் கிரிமோனா, வில்லுக்குப் பவியா, வாளுக்கு லூக்கா என்று ஊருக்கு ஒரு சரக்கு. தொழிலாளர் ஓடிப்போகாமலிருக்கக் கையில் சூடுபோட வேண்டும் என்று 398இல் சட்டமே வந்தது.

ஒரு கண்டுபிடிப்பில் எத்தனை பேருக்கு வேலை?

ஹேட்ரியன் சுவருக்கு அருகே உள்ள கோர்பிரிட்ஜில் 1964இல் இரும்புப் பட்டையிட்ட ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஈட்டிமுனைகள், கருவிகள், ஆணிகள். அவற்றோடு இரும்புப் பட்டைகளால் ஆன மார்புக் கவசங்களின் பகுதிகள். டிராஜன் தூணில் இந்தக் கவசத்தை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, உள்ளே பட்டைகள் எப்படித் தொங்குகின்றன என்பது அதுவரை பிடிபடவில்லை. லண்டன் கோபுர ஆயுதசாலையில் பணியாற்றிய ரஸ்ஸல் ராபின்சன், அகழாய்வாளர் சார்லஸ் டேனியல்ஸோடு சேர்ந்து அதை அவிழ்த்தார். பட்டைகளை உள்பக்கம் தோல்வார்களில் ஆணியடித்து இணைத்திருந்தார்கள், தோள்பட்டையில் கீல்கள், முன்னும் பின்னும் கொக்கிகள். ராபின்சனுக்குக் கவசம் செய்யவும் தெரியும் என்பதைக் கவனியுங்கள். இன்று ஐரோப்பாவில் ரோம வீரராக வேடம் போட்டு அணிவகுப்பவர்கள் மாட்டியிருக்கும் கவசங்களில் பெரும்பாலானவை அந்த ஆய்வின் வழி வந்தவையே.

அடுத்தது ஜெர்மனியின் கால்க்ரீஸ். கி.பி. 9இல் ரோமத் தளபதி வாரஸின் மூன்று படையணிகள் அழிந்த போரோடு தொடர்புபடுத்தப்படும் இடம். 2018இல் இங்கே ஒரு பட்டைக் கவசம் கிடைத்தது. இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையதும் மிக முழுமையானதும் இதுதான். அங்கேயே பிரித்து எடுக்கவில்லை. மண்ணோடு சேர்த்துப் பெரிய கட்டியாகப் பெயர்த்தார்கள். முதலில் விமான நிலையச் சுங்கத் துறையின் எக்ஸ்ரே எந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள், தெளிவு போதவில்லை. பிறகு ஃபியூர்த் நகரில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் ராட்சத சிடி ஸ்கேனருக்குக் கொண்டுபோனார்கள். எந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்ட பின்னரே மண்ணை நீக்கத் தொடங்கினார்கள்.

இந்த இரண்டிலும் வரலாற்றுப் பட்டதாரி மட்டுமா தேவைப்பட்டார்? அகழாய்வாளர், வேதியியல் தெரிந்த பாதுகாப்பாளர், ஸ்கேன் படங்களைப் படிக்கும் பொறியாளர், வரைபவர், உலோக வேலை தெரிந்தவர், காட்சிப்படுத்துபவர் எல்லோருக்கும் இடமிருந்தது. நீங்கள் எந்தப் படிப்பிலிருந்து வந்தாலும் நுழைய ஒரு கதவு உண்டு என்பதே இதன் பொருள்.

எந்த வேலை, யாருக்கு?

அருங்காட்சியகக் காப்பாட்சியர்: பலரும் ஆசைப்படுவது, காலியிடம் குறைவு. முனைவர் பட்டமும் வெளியிட்ட கட்டுரைகளும் இருந்தால்தான் பேச்சே.

பாதுகாப்பாளர்: மண்ணிலிருந்து வெளியே வந்த இரும்பு காற்றுப் பட்டதும் வேகமாகச் சிதையும். அதைத் தடுப்பதே இவர் வேலை. வேதியியல் பட்டதாரிகளுக்கு நேர்வழி. இங்கே கற்ற திறமை ரோம வாளுக்கும் உதவும், ஆதிச்சநல்லூர் இரும்புக்கும் உதவும்.

அகழ்பொருள் நிபுணர்: பிரிட்டனில் 1990 முதல், கட்டடம் கட்டும் நிறுவனங்களே தொல்லியல் ஆய்வுக்குச் செலவிட வேண்டியிருப்பதால் தனியார் அகழாய்வு நிறுவனங்கள் பெருகின. அங்கே கிடைக்கும் உலோகப் பொருள்களை அடையாளம் கண்டு அறிக்கை எழுதுபவர் இவர்.

நாணயவியலாளர்: தமிழ்நாட்டிலிருந்து நுழைவதற்கு மிக எளிய கதவு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முப்பரிமாண வடிவமைப்பாளர்: பிளெண்டர், ஃபோட்டோகிராமெட்ரி தெரிந்தவர்களை அருங்காட்சியகங்களும் விளையாட்டு நிறுவனங்களும் தேடுகின்றன. கவசத்தின் கீல் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்த வடிவமைப்பாளருக்கு மதிப்பு தனி.

எழுத்தாளர், ஆலோசகர்: இது முதல் வேலையாக அமையாது. மேலே உள்ளவற்றில் ஒன்றில் காலூன்றிய பிறகு தானாக வரும்.

எங்கே படிப்பது?

இளங்கலையில் வரலாறு, வேதியியல், உலோகவியல், காட்சித் தொடர்பியல் எதுவாக இருந்தாலும் சரி. முதுகலையில்தான் திசை திரும்ப வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், புணே டெக்கான் கல்லூரி ஆகியவை நல்ல அடித்தளம் தரும். தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையும், இந்தியத் தொல்லியல் துறையின் கிரேட்டர் நொய்டா நிறுவனமும் முதுநிலைப் பட்டயம் நடத்துகின்றன. பொருள் பாதுகாப்பும் அருங்காட்சியகவியலும் படிக்க நொய்டாவின் இந்தியப் பாரம்பரிய நிறுவனம் இருக்கிறது. நாணயவியலுக்கு நாசிக் அருகே ஆஞ்சநேரியில் தனி ஆய்வு நிறுவனமே உண்டு.

ரோமப் பகுதியில் சிறப்புப் பயிற்சிக்கு வெளிநாடு போகத்தான் வேண்டும். எல்லைப்புற ஆய்வுக்கு நியூகாசில், டர்ஹாம், அருங்காட்சியகவியலுக்கு லெஸ்டர், பாதுகாப்புக்குக் கார்டிஃப். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை; பாடென்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் போன்ற விதிவிலக்குகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த், செவனிங், டாட், எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைகளுக்கு ஓராண்டு முன்பே தயாராக வேண்டும். செவனிங்குக்கு வேலை அனுபவம் கட்டாயம்.

மொழி விஷயத்தில் சமரசமே கூடாது. படிக்கத் தெரிகிற அளவுக்கு லத்தீன் வேண்டும். அதைவிட அவசரமானது ஜெர்மன், ஏனென்றால் ரைன், டான்யூப் எல்லைக் கோட்டைகளின் அகழாய்வு அறிக்கைகளில் பெரும்பங்கு அந்த மொழியில்தான் இருக்கிறது. சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் இன்றே சேரலாம். லத்தீனை இணையத்தில் தொடங்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்தே தொடங்க ஒரு பயிற்சி

கரூர், கோவை வட்டாரங்களில் ரோம நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அடிக்கடி வருவது அகஸ்டஸின் ஒரு வெள்ளி டெனாரியஸ். கால் (Gaul) பகுதியின் நகரமான லுக்டூனத்தில், இன்றைய லியோனில், அச்சிடப்பட்டது. ஒரு பக்கம் அகஸ்டஸின் தலை. மறுபக்கம் அவருடைய பேரன்களும் தத்துப் பிள்ளைகளுமான கையஸ், லூசியஸ் இருவரும் நிற்கிறார்கள். நடுவே இரண்டு கேடயங்கள், இரண்டு ஈட்டிகள்.

அந்தக் கேடயங்களைப் பார்த்ததும் “ரோமப் படைவீரர் பயன்படுத்தியது இதுதான்” என்று எழுதினால் வேலை போச்சு. குதிரைவீரர் குலத்தார் இந்த இருவருக்கும் வெள்ளிக் கேடயமும் ஈட்டியும் அளித்துச் சிறப்புச் செய்ததாக அகஸ்டஸே தன் சாதனைப் பட்டியலில் சொல்கிறார். நாணயத்தில் இருப்பவை மரியாதைக்குத் தந்தவை. போர்க்களத்துக்குப் போனவை அல்ல. உருவம் ஒன்று சொல்லும், எழுத்துச் சான்று அதைத் திருத்தும். இந்தத் தொழிலின் அன்றாட வேலையே இதுதான்.

அடுத்த படி புதுக்கோட்டை. 1898இல் அங்கே கிடைத்த 501 தங்க நாணயங்களில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஆழமான வெட்டு இருக்கிறது. யார் வெட்டினார்கள், ஏன்? புழக்கத்திலிருந்து நீக்கவா, உலோகத்தைச் சோதிக்கவா? விவாதம் இன்னும் ஓயவில்லை. நீங்களும் கலந்துகொள்ளலாம்.

முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் வருகிறார்கள். அவர்களை உடனே ரோமப் படையணி வீரர்களாக்கி விடாதீர்கள். பேரரசின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த எவரையும் நம்மவர்கள் அப்படி அழைத்திருக்க முடியும். ஆர்வம் சான்றைத் தாண்டி ஓடும் இடங்களில் நிதானமாக இருப்பவரைத்தான் நிபுணர் என்பார்கள்.

சான்றை எடைபோடப் பழகுங்கள்

கி.பி. 113இல் திறக்கப்பட்ட டிராஜன் தூண் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதைச் செதுக்கியவர்கள் ரோம் நகரத்துச் சிற்பிகள். முகமும் உடலும் மறையக் கூடாது என்று கேடயங்களைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். தூண் காட்டும் அதே டேசியப் போரை நினைவுகூர்ந்து இன்றைய ருமேனியாவின் அடம்கிலிசியில் எழுப்பிய சின்னத்தில் சிற்பம் முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் கைக்காப்பு போன்ற களத்து விவரங்கள் அங்கேதான் கிடைக்கின்றன. அழகான சான்று நம்பகமான சான்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நேர்முகத்தில் “தூணை நம்பலாமா?” என்று கேட்டால் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வேலையிடத்தில் கவனிக்க வேண்டியவை

பதிவு செய்யாத பொருள் இல்லாத பொருள். ஹேட்ரியன் சுவர் அருகே உள்ள விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகை ஒன்றைப் பாருங்கள். துங்கிரியர் படைப்பிரிவின் வருகைக் கணக்கு அது. மொத்தம் 752 பேர். வெளியிடங்களில் 456 பேர். கோட்டையில் 296 பேர். அவர்களில் உடம்புக்கு முடியாதவர் 15, காயப்பட்டவர் 6, கண்நோய் வந்தவர் 10. ஆக, வேலைக்குத் தகுதியானவர் 265 பேர். எழுதிய எழுத்தருக்கு இது ஒரு சாதாரண நாள் வேலை. நமக்கு ரோமப் படை காகிதத்தில் இருந்ததற்கும் களத்தில் இருந்ததற்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் அரிய ஆவணம். நீங்கள் நிரப்பும் பதிவு அட்டையும் அப்படித்தான். அளவு, எடை, கிடைத்த ஆழம் எதையும் விடாதீர்கள்.

சின்னப் பொருளை ஒதுக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் இஞ்சுடுதில் கோட்டையைக் கைவிட்ட படையினர், எதிரி உருக்கி ஆயுதம் செய்துவிடக் கூடாது என்று புதைத்துவிட்டுப் போனவை 8,75,000 ஆணிகளுக்கு மேல். ஒரு கோட்டைக்கு எவ்வளவு இரும்பு தேவை என்பதை எந்தப் பேரரசரின் வரலாற்றையும்விட அந்தக் குவியல் துல்லியமாகச் சொல்கிறது.

பழம்பொருள் சேகரிக்கும் பழக்கம் வேண்டாம். ஆற்றுமணலில் கிடைத்தது என்று ஒருவர் நீட்டும் நாணயத்தை வாங்கினால் உங்கள் பெயர் கெடும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இரண்டையும் படித்து வையுங்கள். நகல் வாள் இறக்குமதி செய்ய நினைத்தால் ஆயுதச் சட்டத்தையும் சுங்க விதிகளையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். ஐடி துறைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனம் சோர்ந்துபோகும். ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள்; விசா தனித் தலைவலி. இரண்டாவது வருமானத்துக்கு ஒரு கைத்திறன் இருக்கட்டும்: மொழிபெயர்ப்பு, முப்பரிமாண வேலை, ஆய்வகப் பயிற்சி எதுவானாலும் சரி. உள்ளூரில் டிஎன்பிஎஸ்சி அவ்வப்போது நடத்தும் தொல்லியல் அலுவலர் தேர்வையும் கண்ணில் வைத்திருங்கள்.

ஆறு மாதத் திட்டம்

முதல் இரண்டு மாதம்: ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். ஹேட்ரியன் சுவர் பற்றி நியூகாசில் பல்கலைக்கழகம் உருவாக்கிய இணையப் பாடத்தைத் தேடிப் படியுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரோம நாணயங்களைப் பற்றி விசாரித்து, நேரில் போய்ப் பாருங்கள்.

மூன்றாம், நான்காம் மாதம்: இலவசத் தரவுத்தளங்களில் கைபழகுங்கள். நாணயத்துக்கு அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ‘ஓக்ரே’, கல்வெட்டுக்கு ‘ரோமன் இன்ஸ்கிரிப்ஷன்ஸ் ஆஃப் பிரிட்டன்’, உலோகப் பொருளுக்கு பிரிட்டனின் ‘போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ்’ திட்டம். பிஷப், கூல்ஸ்டன் இருவரும் எழுதிய ‘ரோமன் மிலிட்டரி எக்விப்மென்ட்’ நூலை எப்படியாவது தேடிப் பிடியுங்கள்.

ஐந்தாம் மாதம்: ஒரே ஒரு பொருளை எடுத்து நான்கு பக்கம் எழுதுங்கள். செய்முறை, செலவு, பயணம், சான்றின் குறை என்ற நான்கு தலைப்பு போதும். பேரரசர் தேவைப்பட்டால் மட்டும் வரட்டும்.

ஆறாம் மாதம்: அந்த நான்கு பக்கத்தை ஒரு பேராசிரியருக்கோ காப்பாட்சியருக்கோ அனுப்பி, எது தவறு என்று கேளுங்கள். விண்டோலாண்டா போன்ற இடங்களில் தன்னார்வலர் பதிவு எப்போது திறக்கிறது என்றும் பாருங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். திருத்தம் வந்தால் மறுபடி எழுதுங்கள். பதிலே வரவில்லையென்றால் அடுத்த பொருளை எடுத்து அடுத்த நான்கு பக்கத்தைத் தொடங்குங்கள். இப்படி ஐந்தாறு பொருள்கள் சேர்ந்துவிட்டால், விண்ணப்பத்தில் ‘ஆர்வம் உண்டு’ என்று எழுத வேண்டியிருக்காது. செய்த வேலையை இணைத்து அனுப்பினால் போதும்.